அதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்

புதிதாக வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்பவர் என்று ஓர் இனம் இப்போது பெருகி வருகிறது. நீங்கள் இன்னும் ஒருவரைக்கூடச் சந்திக்கவில்லை என்றால் புண்ணியம் செய்தவர். ஆனால் அந்தப் புண்ணியம் ரொம்ப நாள் தாங்காது. கூடிய சீக்கிரம் அவர் மடிக்கணினியை அக்குளில் இடுக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவார், உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்காருவார், "ஒண்ணே ஒண்ணு காட்டுறேன், ஒரே நிமிஷம்" என்பார். அந்த ஒரு நிமிஷம் முடியும்போது வெளியே இருட்டியிருக்கும்.

ஆளைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். குடும்பமே உட்கார்ந்து தொலைக்காட்சியில் படம் பார்க்கிறது. கதாநாயகி சாகக் கிடக்கிறாள், கதாநாயகன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு கதறுகிறான், பெண்கள் மூக்கை உறிஞ்சுகிறார்கள், ஆண்கள் கண்ணில் தூசி விழுந்ததுபோல நடிக்கிறார்கள். அப்போது ஒருவர் மட்டும் தொடையைத் தட்டி, "ஆஹா! பாத்தீங்களா? இங்க ஒரு கட்! யாருக்குமே தெரியாம வெட்டியிருக்கான் பாருங்க!" என்று கூவுவார். அவரேதான். கதாநாயகி செத்தாலென்ன, பிழைத்தாலென்ன? எந்த இடத்தில் வெட்டினார்கள் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

இந்த வியாதி எப்படி ஆரம்பிக்கிறது? மிகவும் சாதுவாகத்தான். ஒரு விடுமுறை நாளில் வேலை வெட்டி இல்லாமல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும்போது, எடிட்டிங் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது என்று கண்ணில் படுகிறது. இலவசம் என்ற சொல்லைப் பார்த்தபிறகு எந்த மனிதன் சும்மா இருப்பான்? இறக்குகிறார். அடுத்து, இணையத்தில் ஒரு வாத்தியாரைப் பிடிக்கிறார். அந்த வாத்தியார் நல்லவர். ஒவ்வொரு பாடத்தையும் "வணக்கம் நண்பர்களே" என்று சிரித்த முகத்தோடு ஆரம்பிப்பார். முதல் பாடத்தின் பெயர் 'அடிப்படைகள்'. நம் ஆள் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அடிப்படையா? நமக்கா? நேரே பதினோராம் பாடத்துக்குத் தாவுவார். 'உங்கள் பெயரை நெருப்பில் எரிய வைப்பது எப்படி?'

அன்று சாயங்காலம் கறுப்புத் திரையில் அவர் பெயர் தகதகவென்று எரியும். பார்த்துக்கொண்டே இருப்பார். மனைவி சாப்பிடக் கூப்பிடுவாள், காதில் விழாது. மனிதர் அன்றோடு நம் கையை விட்டுப் போனார்.

அப்புறம் முதல் படைப்பு. பெரும்பாலும் வீட்டுப் பூனை. தூங்குகிற பூனையைப் படம் எடுத்து, அதை ஸ்லோமோஷனில் போடுவார். தூங்குகிற பூனைக்கு எதற்கையா ஸ்லோமோஷன்? கேட்கக் கூடாது. அடுத்து, ஒரு காட்சியிலிருந்து இன்னொரு காட்சிக்குப் போகிற வித்தைகள். பக்கம் புரளும், கதவு திறக்கும், திரை சுக்குநூறாக உடையும், இதயம் விரியும், நட்சத்திரம் சுழலும். மென்பொருளில் எத்தனை வித்தை உண்டோ அத்தனையும் அந்த ஒரு பூனைமேல் இறங்கும். கடைசியில் நன்றி அறிவிப்பு: கதை அவர், படப்பிடிப்பு அவர், படத்தொகுப்பு அவர், மேற்பார்வை அவர். பூனையின் பெயர் மட்டும் விட்டுப்போயிருக்கும்.

இவர்களுக்கென்று ஒரு மந்திரம் உண்டு: "அதை எடிட்டிங்ல பாத்துக்கலாம்." படம் எடுக்கும்போது குறுக்கே ஒருவர் குடையோடு நின்றால், எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம். இருட்டாக இருந்தால், எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம். கேமராவின் மூடியையே கழற்றவில்லை என்று யாராவது சுட்டிக்காட்டினால் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகு அதே பதிலைச் சொல்வார்.

ரெண்டர் என்று ஒன்று இருக்கிறது. வெட்டி ஒட்டியதையெல்லாம் கணினி ஒரே படமாகச் சமைத்துத் தருகிற வேலை. திரையில் ஒரு கோடு நத்தை மாதிரி நகரும். அது நகர்கிறவரை வீட்டில் யாரும் சத்தமாக நடக்கக் கூடாது, மிக்ஸி ஓடக் கூடாது, சுவிட்சுப் பக்கம் கை போகக் கூடாது. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி குறுக்கும் நெடுக்கும் உலாத்துவார். யாராவது எட்டிப் பார்த்தால் உதட்டில் விரலை வைத்து, "ரெண்டர் ஆகுது" என்பார். பிறந்தபிறகு பார்த்தால், அதே பூனை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் குடும்பத்திலேயே ஒன்று இருக்கிறது. என் சகலை. அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வை தெளிய வைக்கிறவர், தன் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணாடிச் சட்டத்தின் திருகாணி ஒரு மயிரிழை தளர்ந்திருந்தாலும் விடமாட்டார். அப்படிப்பட்டவர் எடிட்டிங் கற்றுக்கொண்டார்.

மாமனார் வீட்டில் மூன்று பெண்கள். மூத்தவள் என் வீட்டுக்காரி, நடுவில் சகலையின் மனைவி, கடைக்குட்டி சுண்டு. சொந்தப் பெயர் வேறு, ஆனால் எல்லோருக்கும் சுண்டுதான். ஏன் சுண்டு என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை, அப்படியே ஒட்டிக்கொண்டது. மாமனார் போய்ச் சேர்ந்தபோது சுண்டு பள்ளிக்கூடம்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. அவளுக்கு அப்பா என்றால் சுவரில் மாட்டிய போட்டோதான். "அக்கா, உங்களுக்கெல்லாம் அப்பா பேசினது ஞாபகம் இருக்கு. எனக்கு அவரு குரல் எப்படி இருக்கும்னுகூடத் தெரியல" என்று அவள் எப்போதாவது சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

சுண்டுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அந்தச் சமயத்தில் மாமியார் ஏதோ சாவி தேடப்போய், மேசை இழுப்பறையின் அடியில் ஒரு பழைய கேமராவைக் கண்டெடுத்தார். பேட்டரி செத்துப்போயிருந்தது. ஆனால் உள்ளே இருந்த நினைவட்டை பிழைத்திருந்தது. அதில் ஒரே ஒரு வீடியோ. தோட்டத்தில் மாமனார், அவர் தோள்மேல் குட்டிச் சுண்டு. எடுத்தது சின்னப் பெண்ணாக இருந்த சகலையின் மனைவி.

இதைக் கேட்டதும் சகலை எழுந்து நின்றுவிட்டார். "என்கிட்ட விடுங்க! ரிசப்ஷன்ல பெரிய திரையில போடுறோம். சுண்டுவோட வாழ்க்கையையே படமா எடுத்துடுறேன்!"

"வாழ்க்கையெல்லாம் எடுக்க வேணாம்" என்றாள் அவர் மனைவி. "அவ அப்பா குரலைக் கேக்கணும். அவ்வளவுதான். அதை மட்டும் கெடுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"இதுல கெடுக்க என்ன இருக்கு? கொஞ்சம் ஆடியிருக்கு, கொஞ்சம் இரைச்சல். அதை எடிட்டிங்ல பாத்துக்கலாம்."

பார்த்துக்கொண்டார். சொந்தக்காரர்களை வரிசையாக நிற்கவைத்து வாழ்த்துச் சொல்லவைத்துப் படம் எடுத்தார். நினைவட்டையில் இடம் வேண்டுமென்று, மாமனார் வீடியோவைக் கணினிக்கு மாற்றிவிட்டு, அட்டையைச் சுத்தமாக அழித்துக்கொண்டார். வீட்டில் ஒருவருக்கும் எதையும் காட்டவில்லை, சுண்டுவுக்கு அந்தப் பழைய வீடியோவைக்கூட. எல்லாம் ரகசியம். எனக்கு மட்டும் அந்தப் பழைய வீடியோவை அப்படியே கைப்பேசிக்கு அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: 'அண்ணே, இது முன்பு. எவ்வளவு மோசமா இருக்குன்னு பாருங்க. பின்பு எப்படி ஆகுதுன்னு ரிசப்ஷன்ல பாத்துட்டு மூர்ச்சை போட்டு விழுங்க.' இந்த இனத்துக்கு இது ஒரு பழக்கம். முன்பு இல்லாமல் பின்புக்கு மரியாதை ஏது? நான் அலுவலகத்தில் இருந்தேன். திறந்துகூடப் பார்க்காமல், கட்டைவிரல் தூக்கிய படம் ஒன்றைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ரிசப்ஷன் அன்று காலை. முகச்சவரம் செய்துகொண்டிருக்கிறேன், சகலையின் மனைவி போன் செய்கிறாள். "மாமா, கொஞ்சம் உடனே வாங்க. இவரு தரையில உக்காந்துட்டாரு. பேச்சுக் குடுத்தா பேச மாட்டேங்குறாரு."

பாதி முகத்தோடு ஓடினேன். உள்ளறையில் கணினிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர். திரை முழுக்கச் சிவப்பு. ஒவ்வொரு காட்சியும் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புக் கட்டம், அதற்குள் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று ஒரே வாசகம். நடுநடுவே அந்த இதயமும் நட்சத்திரமும் மட்டும் சிவப்பிலிருந்து சிவப்புக்கு அழகாக விரிந்துகொண்டிருந்தன.

"என்ன ஆச்சு சகலை?"

"கடைசி ரெண்டர் அண்ணே. பாதியில நின்னுபோச்சு. கணினியில இடம் இல்லன்னு சொல்லுச்சு."

"சரி."

"இடம் பண்ணினேன்."

"எப்படி?"

"ஒரிஜினல் வீடியோ எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

அவர் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் எல்லாத்தையும் மென்பொருளுக்கு உள்ள இழுத்துப் போட்டுட்டேனே அண்ணே! இந்தக் கையாலதான் ஒவ்வொண்ணா இழுத்துப் போட்டேன். உள்ள இருக்கும்போது வெளிய இன்னொண்ணு எதுக்கு? தண்டமா இடத்தை அடைச்சுக்கிட்டு?"

புரிகிறதா அவர் செய்த காரியம்? மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டால் வீடியோ உள்ளே போவதில்லை. அது இருக்கிற இடத்திலேயேதான் இருக்கும். மென்பொருள் அதன் முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளும். இவர் தெருவில் இருந்த வீடுகளையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டு, கையில் முகவரியை வைத்துக்கொண்டு ஆளைக் காணோம் என்று அழுதுகொண்டிருக்கிறார்.

"குப்பைத் தொட்டியில இருக்குமே?" என்றேன், நம்பிக்கையோடு.

"அதையும் காலி பண்ணினாத்தான் இடம் கிடைக்கும்னு..."

"முன்னாடியே ரெண்டர் பண்ணி வச்சிருந்தீங்களே? 'முடிந்தது', 'உண்மையாகவே முடிந்தது', 'கடைசியாக முடிந்தது'ன்னு?"

"முதல்ல அழிச்சதே அதுங்களைத்தான் அண்ணே. ஒவ்வொண்ணும் ரொம்பப் பெரிசு."

சுத்தமான வேலை. தன் கடையில் துடைக்கிற கண்ணாடிபோல, ஒரு பொட்டு அழுக்கு இல்லாமல் துடைத்து வைத்திருந்தார். அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்குப் போன் போட்டோம். ஒரு வாரம் ஆகும், அதுவும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். வேறு வழி தெரியாமல், அந்த இணைய வாத்தியாரின் முதல் பாடத்தை, சகலை தாண்டிக் குதித்த அந்த 'அடிப்படைகளை', அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திறந்தோம். "வணக்கம் நண்பர்களே!" என்றார் வாத்தியார், பல்லெல்லாம் தெரிய. "வேற எதை மறந்தாலும் ஒண்ணை மறக்காதீங்க. ஒரிஜினலை எந்தக் காலத்திலும் அழிச்சுடாதீங்க!" சகலை மடிக்கணினியைப் பட்டென்று மூடினார்.

அவர் மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "அவகிட்ட நேத்துதான் சொன்னேன்" என்றாள் மெதுவாக. "நாளைக்கு அப்பா உன்கிட்ட பேசுவாருன்னு. ராத்திரி பூரா அதையே கேட்டுட்டு இருந்தா. இப்ப போய் நான் என்னத்த சொல்ல?"

அந்த அறையில் அப்போது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சகலை சட்டை நுனியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"சகலை! எனக்கு ஒண்ணு அனுப்பினீங்களே, 'முன்பு'ன்னு போட்டு?"

என் கைப்பேசியைத் துழாவினேன். பால் கணக்கு, குடும்பத்துக் காலை வணக்கங்கள், அதற்கடியில் எங்கேயோ, நான் தூக்கிக் காட்டிய கட்டைவிரலுக்கு மேலே, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஆனால் சகலை முகத்தைப் பார்க்க வேண்டுமே! தரையிலிருந்து துள்ளி எழுந்தார்.

"ஐயையோ, அது வேணாம் அண்ணே! அது பச்சையா இருக்கு! கலர் சரி பண்ணல, தலைப்பு இல்ல, ஆரம்பத்துல பாதித் திரைக்கு விரல்! எடிட் பண்ணாத வீடியோவை அத்தனை பேருக்கு முன்னாடி போட்டா என் மானம் என்னாவது?"

"உங்க மானத்தை எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்றாள் அவர் மனைவி. "மாமா, கிளம்புங்க."

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. விளக்குகளைக் குறைத்தார்கள். சகலை திரையில் படம் ஓட்டுகிற கருவிக்குப் பின்னால், ஒரு பூச்சாடியின் மறைவில், குற்றவாளி மாதிரி நின்றுகொண்டார். இதயம் விரியவில்லை, பெயர் எரியவில்லை. திரையில் முதலில் வந்தது ஒரு பெரிய விரல். கூட்டம் சிரித்தது. விரல் விலகியது. புல் தெரிந்தது, செருப்பு தெரிந்தது, கேமரா ஆடி அசைந்து மேலே ஏறியது.

மாமனார். தோள்மேல் சுண்டு, இரண்டு கையாலும் அவர் காதுகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. மனிதர் அசையவே இல்லை. கண்ணைச் சிமிட்டவில்லை. பல்லை இளித்தது இளித்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, கம்பம் நட்டதுபோல நிற்கிறார். எனக்குக் கொஞ்சம் நேரம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவர் அதைப் போட்டோ எடுக்கிற கேமரா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்! வீடியோ ஓடுகிறது, அவர் போட்டோவுக்கு நிற்கிறார்.

அப்படியே நிற்கிறார். காற்று இரைகிறது.

பிறகு, உதடு அசையாமல், இளித்த பல்லுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. "எடுத்துட்டியாம்மா?"

"இருங்கப்பா, இருங்கப்பா" என்றது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல்.

"எடுத்துட்டியா இல்லியா? கன்னம் வலிக்குதும்மா."

"இன்னும் கொஞ்சம் சிரிங்கப்பா."

"இதுக்கு மேல சிரிச்சா பல்லு கீழ விழுந்துடும்." மேலே இருந்த குழந்தை காதை முறுக்கியது. மாமனார் அலறிவிட்டார். "ஏய், ஏய், சுண்டெலி! காதை விடுடி! என் சுண்டுக்குட்டி, இறங்குடி கண்ணு, அப்பா கழுத்து போச்சு!"

அவ்வளவுதான் வீடியோ. மண்டபமே வெடித்துச் சிரித்தது. மாமியார் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. "இந்த ஆளு என்னிக்கும் இப்படித்தான், போட்டோன்னா மூச்சை அடக்கிடுவாரு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மேடையில் சுண்டு மட்டும் சிரிக்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாதான் வச்சாரா?" என்றாள். "சுண்டுன்னு அப்பாதான் வச்சாரா? இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்கள். திரும்பப் போட்டார்கள். அவள் போதும் என்று சொல்கிறவரை போட்டார்கள்.

நான் பூச்சாடிக்குப் பின்னால் போனேன். சகலை முகம் வெளுத்திருந்தது. "அண்ணே" என்றார், சுருதி இறங்கிப்போய். "நான் எடிட் பண்ணினதுல இந்தக் குரல் இல்ல."

"என்னது?"

"காத்து இரைச்சலா இருந்துச்சு. சத்தத்தையே எடுத்துட்டு வயலின் போட்டேன். அவரு அசையாம நின்னாரா, அது வேஸ்ட்டுன்னு அதையும் வெட்டிட்டேன். ஒரே ஒரு சிரிப்பை மட்டும் நிறுத்தி, சுத்தி இதயம் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அழியாம இருந்திருந்தா அதைத்தான் அண்ணே போட்டிருப்பேன்" என்றார்.

காலையில் அந்தக் கணினியில் இடம் மட்டும் இருந்திருந்தால்? சுண்டு திரையில் வயலினைக் கேட்டுவிட்டு, 'ரொம்ப நல்லா இருக்கு மாமா' என்று மரியாதைக்குச் சொல்லியிருப்பாள்.

அப்போது சுண்டுவே மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். பூச்சாடியைத் தள்ளிவிட்டு, சகலையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க ஏதாச்சும் ஜிகினா வேலை பண்ணி வச்சிருப்பீங்கன்னு பயந்துட்டே இருந்தேன். ஒண்ணையும் தொடாம அப்படியே விட்டீங்க பாருங்க! உங்களுக்குத்தான் மாமா நிஜமா எடிட்டிங் தெரியும்."

சகலை என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார். உண்மையைச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் நான் முதலிலேயே சொன்னேனே, இது தனி இனம். பார்த்துக்கொண்டே இருக்கும்போது முதுகு நிமிர்ந்தது, மார்பு விரிந்தது, முகத்தில் ரத்தம் திரும்பியது.

"அது ஒரு ஸ்டைலும்மா" என்றார். "எங்க கைவைக்கக் கூடாதுன்னு தெரியணும். அதுதான் இதுல ரொம்பக் கஷ்டம்."

அவர் மனைவி அவரை முறைத்த முறைப்பில் அந்தப் பூச்சாடியே வாடியிருக்கும்.

மறுநாள் எனக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. 'அண்ணே, அந்த ஒரிஜினலை அனுப்புங்க. காத்து இரைச்சலை மட்டும் லேசா எடுத்துட்டுத் தர்றேன்.' நான் அனுப்பவில்லை. அதை நாலைந்து இடங்களில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். எங்கே என்று உங்களிடம்கூடச் சொல்லமாட்டேன்.

ஏன் என்கிறீர்களா? உங்கள்மேலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்களைக் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன். அந்தப் பூனை கொஞ்சம் நீளம் என்று நினைத்தீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடை எதற்கு, எடுத்துவிடலாமே என்று நினைத்தீர்கள். மாமனார் அசையாமல் நின்ற இடத்தில், உள்ளதைச் சொல்லுங்கள், சட்டென்று கீழே ஒரு வரி தாண்டினீர்கள் அல்லவா?

உங்கள் விரல் இப்போது கத்தரிக்கோல் மாதிரிதான் இருக்கிறது. எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது போட்டோவுக்கு என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றால், அவசரப்பட்டு விரலை அழுத்தி வீடியோவை நிறுத்திவிடாதீர்கள். கன்னம் வலிக்கட்டும், அவர்களாகவே பேசுவார்கள்.